பிடில் பரீட்சைக்கு இரண்டு அப்பா பெயர்

புக்கிட் ரம்பாய்,
1.8.1995, செவ்வாய்க்கிழமை.

என் மூத்த மகள் இந்திராதேவிக்கு அம்மா சுப்பம்மா எழுதிக்கொள்வது. இங்கே நான், அப்பா, மோகனா, முட்டையிடாத இரண்டு கோழி எல்லாரும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம். நீயும் அந்த சரவாக் காட்டில், காப்பிட் ஊரில், ஆற்றுத் தண்ணீர் ஒத்துக்கொண்டு, கொசு அண்டாமல், உன் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளோடு சுகமாக இருக்க மாரியம்மாளைக் கும்பிட்டுக்கொள்கிறேன்.

முதலில் என் வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். ஞாயிற்றுக்கிழமை உனக்கு நாலு பக்கத்தில் ஒரு கடிதம் எழுதினேன். எழுதி, மடித்து, உறையில் போட்டு ஒட்டி, கடை முனை வரைக்கும் நடந்துபோய்த் தபால் பெட்டியில் போட்டுவிட்டு, பெரிய காரியம் முடித்தவள் மாதிரி கையைத் தட்டினால், உள்ளங்கையில் தபால்தலை ஒட்டிக்கொண்டிருக்கிறது. பெட்டி வாய்க்குள் விரலை விட்டுத் துழாவிப் பார்த்தேன். ரப்பர் மரம் சீவிய கை, அந்தச் சந்துக்குள் எங்கே போகும். அந்த நேரம் பார்த்து எதிர்வீட்டு மரியசூசை மோட்டார் சைக்கிளில் வந்து நின்று, "என்னக்கா, தபால் பெட்டிக்குச் சோறு ஊட்டறீங்களா" என்று கேட்டுவிட்டுப் போனான். இப்போது தாமான் குடியிருப்பு முழுக்கத் தெரியும். அந்தக் கடிதம் வந்தாலும் வரும், வராமலும் போகும். வந்தால் தபால்காரன் காசு கேட்பான், கொடுத்து வாங்காதே, அதில் இருப்பது முழுக்க ஏச்சு. இதிலும் ஏச்சுத்தான், ஆனால் என்ன நடந்தது என்பதையும் சேர்த்து எழுதுகிறேன். தபால்தலையை மோகனாவை விட்டு ஒட்டச் சொல்லிவிட்டேன்.

அம்மா எப்போதும் கேலி பேசுகிறவள்தானே என்று இதையும் சிரித்துக்கொண்டே படிக்காதே. உன் மேல் எனக்குக் கோபம். நீ ஆறாம் வகுப்பில் என் மாங்கல்யத்தை எடுத்து நாடகத்துக்குப் போட்டுக்கொண்டு போய் நடித்துவிட்டு வந்தாயே, அன்றைக்கு வந்த கோபம்கூட இதற்குக் கிட்டே வராது.

போன சனிக்கிழமை மோகனாவுக்கு ஐந்தாம் நிலை பிடில் பரீட்சை என்று உனக்குத் தெரியும். தெங்கேராவில் கடைவீட்டு மாடியில் நடக்கிற அந்த இசைப் பள்ளியில் அவளைச் சேர்த்துவிட்டதே நீதானே. பரீட்சை எடுக்க மதராஸிலிருந்து ஓர் அம்மாள் வருஷத்துக்கு ஒரு தடவை வருகிறார், ஓர் ஊருக்கு ஒரு நாள்தான், அன்றைக்கு விட்டால் அடுத்த வருஷம்தான். அடுத்த வருஷம் மோகனாவுக்கு எஸ்.பி.எம். பள்ளி இறுதிப் பரீட்சை, பிடிலைத் தொட நேரம் இருக்காது. இந்த ஐந்தாம் நிலை பாஸானால்தான் நவம்பர் ஆண்டுவிழாக் கச்சேரியில் தனியாக உட்கார்ந்து வாசிக்க விடுவார்கள், இல்லையென்றால் பின்வரிசையில் இருபது பேரோடு இருபத்தோராவது ஆள், வாசித்தாலும் தெரியாது வாசிக்காவிட்டாலும் தெரியாது. அதற்காக ஆறு மாதமாக ஒரே வர்ணத்தைக் காலையிலும் சாயங்காலமும் இழுத்துக்கொண்டிருந்தாள். கோழிகள் முட்டையிடுவதை நிறுத்தியது அதனால்தான் என்று நான் சொல்கிறேன், அவள் ஒத்துக்கொள்ள மாட்டேன் என்கிறாள்.

அன்றைக்கு விடியும்போதே அப்பா மேளக்காரர்களை லாரியில் ஏற்றிக்கொண்டு பெம்பானுக்குப் போய்விட்டார். அந்தப் பக்கத்து எஸ்டேட் மாரியம்மன் கோயிலில் ஆடித் திருவிழா, எப்போதும் போல இவருடைய உறுமி மேளம்தான். எனக்குச் சனிக்கிழமையும் பாக்டரி கேன்டீனில் வேலை. மோகனா பிடில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு, நான் தனியாகப் போய்க்கொள்கிறேன், யாரும் வர வேண்டாம் என்று பஸ் ஏறிவிட்டாள். யாரும் வர வேண்டாம் என்று அவள் சொன்னதற்கு அர்த்தம் எனக்கு அப்போது தெரியவில்லை. பெண் வளர்ந்துவிட்டாள், தைரியம் வந்துவிட்டது என்று கேன்டீனில் என்னோடு வேலை செய்கிற அன்னம்மாவிடம் வேறு பீற்றிக்கொண்டேன். பத்து மணி இருக்கும், சட்டியில் மீ நூடுல்ஸ் கிளறிக்கொண்டிருக்கிறேன், சூப்பர்வைசர் வந்து போன் என்கிறார். பேசியது பிடில் டீச்சர் பிரிஜிட். உள்ளே ஒவ்வொரு பிள்ளையாகக் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறார்கள், மோகனாவை மட்டும் விடமாட்டேன் என்கிறார்கள், ஏதோ பெயர்க் குழப்பம், நீங்கள் உடனே வாருங்கள் என்றார். பாதி கிளறிய மீயை அன்னம்மாவிடம் விட்டுவிட்டு, ஏப்ரனைக்கூட அவிழ்க்காமல் டாக்சி பிடித்தேன்.

போய்ப் பார்த்தால் மாடிப்படி முழுக்கப் பெற்றோர்கள். கடைசிப் படியில் உன் தங்கச்சி பிடில் பெட்டியைக் கைக்குழந்தை மாதிரி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள், மூக்கு சிவந்துபோய். என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கவில்லை. நான் ஏறி மேலே போனேன். மேசைக்குப் பின்னால் அந்தப் பள்ளியின் காரியதரிசி ஹரிதாஸ், முன்னால் ஒரு பட்டியல், அதன் பக்கத்தில் மோகனாவின் அடையாள அட்டை. போன வருஷம் வேறு ஏதோ ஊரில் அக்காளுக்குப் பதில் தங்கச்சி உட்கார்ந்து வாசித்துப் பாஸாகிவிட்டதாம், அதனால் இந்த வருஷத்திலிருந்து அட்டையும் பட்டியலும் ஒத்துப்போனால்தான் உள்ளே விடுவார்களாம். நல்லதுதானே, ஒத்துப்போகாமல் என்ன என்றேன். விரலை வைத்துப் படித்துக் காட்டினார். அட்டையில் மோகனா, தகப்பன் பெயர் இருளாண்டி. பட்டியலில் மோகனா, தகப்பன் பெயர் கணேஸ்வரன்.

கணேஸ்வரன் யார்? என் கூடப் பிறந்த தம்பி. உன் தாய்மாமன். எனக்கு உடம்பெல்லாம் கூசிப்போய்விட்டது. நீங்கள்தான் யாரோ மாற்றி எழுதியிருப்பீர்கள் என்று ஹரிதாஸிடம் சொன்னேன். அவருக்குச் சுருக்கென்று வந்துவிட்டது. படிக்கட்டில் இருக்கிற ஆள் எல்லாம் கேட்கும்படி, "அம்மா, ஒரு புள்ளைக்கு ரெண்டு அப்பா பேரு இருந்தா நாங்க எதை எழுதறது? அது நீங்கதான்லா சொல்லணும்" என்றார். கீழே யாரோ சிரித்தார்கள். இந்திரா, எனக்கு நாற்பத்தேழு வயது. பதினைந்து வயதில் பால்மரம் வெட்டப் போனேன், கங்காணி ஏசியிருக்கிறான், ஆபீஸ் கிராணி ஏசியிருக்கிறான், இந்த மாதிரி ஒரு பேச்சை யாரும் என் முகத்துக்கு நேராகப் பேசியது கிடையாது. நான் விடவில்லை. "எனக்குத் தெரிஞ்சது ஒரு ஆள்தான் சார். அந்த ஒரு ஆளையே இருபத்தாறு வருசமா சமாளிக்க முடியல, ரெண்டாவதுக்கு நேரம் ஏது" என்றேன். சிரித்தவர்கள் இன்னும் பலமாகச் சிரித்தார்கள், ஆனால் இந்தத் தடவை அவரைப் பார்த்து. அப்புறம்தான் இடுப்பில் ஏப்ரன் இருப்பதே ஞாபகம் வந்தது. அவிழ்த்துச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டேன்.

அவரும் விடவில்லை. அலமாரியைத் திறந்து, நாலு வருஷத்துக்கு முன்னால் பள்ளியில் சேர்க்கும்போது எழுதிக் கொடுத்த விண்ணப்பப் பாரத்தை எடுத்து என் முன்னால் போட்டார். எல்லாம் இங்கிலீஷ். எஸ்டேட் தமிழ்ப் பள்ளியில் மூன்றாம் வகுப்போடு நின்றவளுக்கு அதில் என்ன தெரியும். ஆனால் அடியில் இருந்த கையெழுத்து தெரிந்தது. எனக்கு வருகிற ஒவ்வொரு கடிதத்தின் அடியிலும் வாலை நீட்டிக்கொண்டு நிற்கிற கையெழுத்து. மேலே இருப்பதை அவரே படித்துக் காட்டினார். தகப்பனார் கணேஸ்வரன், தொழில் ஆஸ்பத்திரி கிளார்க்கு. அந்த இடத்திலும் நான் உன்னைக் காட்டிக்கொடுக்கவில்லை, தெரிந்துகொள். பெரிய பெண் அப்போது சின்னப் பிள்ளை சார், விவரம் தெரியாமல் எழுதிவிட்டாள் என்றேன். கையெழுத்துக்குப் பக்கத்தில் பயிற்சி ஆசிரியை என்று போட்டிருக்கிறதே அம்மா என்றார்.

கடைசியில் பிரிஜிட் டீச்சர் உள்ளேயிருந்து வந்து அவரிடம் கெஞ்சியதால் ஒரு வழி சொன்னார். பரீட்சை எடுக்கிற அம்மாள் இரண்டு மணிக்கு ஜொகூருக்குக் கிளம்பிவிடுவார், அதற்குள் பிள்ளையின் பிறப்புப் பத்திரமும், பெற்ற தகப்பனும், தகப்பனின் அடையாள அட்டையும் நேரில் வந்தால் அந்த அம்மாளிடம் கேட்டுப் பார்க்கலாம். மணி அப்போது பதினொன்று. பெற்ற தகப்பன் பெம்பானில் உறுமி அடித்துக்கொண்டிருக்கிறார், பத்திரம் வீட்டில் பிஸ்கட் டின்னில் இருக்கிறது. கீழே கடையில் போன் கேட்டு வாங்கி ஆஸ்பத்திரிக்கு அடித்து உன் மாமனைப் பிடித்தேன். முதலில் பெம்பானில் கோயிலுக்குப் பக்கத்து மளிகைக் கடைக்குப் போன் பண்ணு, மோகனா விஷயம், அத்தானை ஐ.சி. அட்டையோடு உடனே தெங்கேராவுக்கு வரச் சொல்லு, அப்புறம் எங்கள் வீட்டுக்குப் போ, சாவி எதிர்வீட்டில் இருக்கிறது, பத்திரத்தை எடுத்துக்கொண்டு வா என்றேன். எதற்கு என்று கேட்டான். வா, வந்தால் தெரியும் என்றேன். மீட்டிங் விஷயமாக்கா என்று இழுத்துவிட்டு, சரிக்கா என்றான். அந்த ஒரு கேள்வியிலேயே இவனுக்கும் இதில் கை இருக்கிறது என்று எனக்குப் புரிந்துபோய்விட்டது.

பன்னிரண்டரைக்கு வந்தான். எதை எடுப்பது என்று தெரியாமல் பிஸ்கட் டின்னையே தூக்கிக்கொண்டு வந்துவிட்டான். ஹரிதாஸ் அவனைப் பார்த்ததும், "நீங்கதான கணேஸ்வரன்? பெற்றோர் மீட்டிங்குக்கு வருவீங்களே" என்றார். தம்பி டின்னைப் பார்த்துக்கொண்டு, நான் தாய்மாமன் என்றான். அப்படியென்றால் நாலு வருஷமாக என்ன சொன்னீர்கள் என்று அவர் கேட்டார். இவன் தலைக்கு மேல் சுற்றுகிற விசிறியைப் பார்த்தான். நான் ஓரமாக இழுத்துக்கொண்டு போய்க் கேட்டதற்கு, இந்திராதான் மாமா மீட்டிங்குக்கு மட்டும் போய்விட்டு வாருங்கள் என்றது, நான் அப்பா என்று வாயால் சொன்னதே இல்லையக்கா, அவர்களாக நினைத்துக்கொண்டார்கள், நான் மறுக்கவில்லை என்றான். உன் மாமன் மீட்டிங்குக்குப் போகும்போதெல்லாம், என் தம்பிக்குத்தான் மருமகள் மேல் எவ்வளவு பாசம், இங்கிலீஷ் தெரிந்தவன் போனால் நல்லதுதான் என்று மீன் குழம்பு வைத்து டிபன் கேரியரில் கொடுத்து அனுப்பினேனே. அத்தனை குழம்பையும் என்ன தைரியத்தில் சாப்பிட்டான்.

ஒன்றேகாலுக்குக் கீழே லாரிச் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தால் உங்கள் அப்பா, இடுப்பில் மஞ்சள் வேட்டி, உடம்பு முழுக்கத் திருநீறும் வேர்வையும், தோளில் உறுமி. கழற்றி வைக்கக்கூட நேரமில்லாமல் வந்திருக்கிறார். மோகனா விஷயம் என்று மட்டும் செய்தி போனதால் விபத்தோ என்னவோ என்று பயந்து மேளக்காரர்கள் ஐந்து பேரும் கூடவே லாரியில் ஏறி வந்துவிட்டார்கள், ஐந்து பேர் கழுத்திலும் மேளம். அத்தனை பேரும் அந்தக் குறுகலான மாடிப்படியில் ஏறினார்கள். ஓர் அம்மாள் பட்டுப்புடவையைச் சுருட்டிக்கொண்டு சுவரோடு ஒட்டிக்கொண்டார். மோகனாவைக் கடக்கும்போது அப்பா நின்று, கை கால் நன்றாக இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் மேலே வந்தார். வந்து, மடியிலிருந்து அட்டையை எடுத்து இரண்டு கையாலும் மேசைமேல் வைத்தார். ஹரிதாஸ் அட்டையைப் பார்த்தார், ஆளைப் பார்த்தார், இவர்தான் தகப்பனார் என்றால் நாலு வருஷமாக எங்கே இருந்தார் என்று என்னைப் பார்த்துக் கேட்டார். அதற்கு உன் அப்பா, "எதிர்ல காப்பிக் கடையில சார். சனிக்கிழமை சனிக்கிழமை" என்றார். உண்மையைத்தான் சொன்னார். வாராவாரம் அவளைக் கொண்டுவந்து விட்டுவிட்டு, எதிர்க்கடையில் ஒரு காப்பியை ஒன்றரை மணி நேரம் குடித்துவிட்டுக் கூட்டிக்கொண்டு வருகிற ஆள் அவர். மாடி ஏறியது அன்றைக்குத்தான் முதல் தடவை.

இந்தச் சத்தத்தில் பரீட்சை எடுக்கிற அம்மாளே கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்துவிட்டார். நூல் புடவை, மூக்குக் கண்ணாடி, வயது அறுபது இருக்கும். ஹரிதாஸ் பாரம், பட்டியல், அட்டை, பத்திரம் என்று ஒவ்வொன்றாக எடுத்துச் சொல்லத் தொடங்கினார். அந்த அம்மாள் கையைக் காட்டி நிறுத்திவிட்டு, மோகனாவை மேலே கூப்பிடச் சொன்னார். "குழந்தே, காயிதம் எல்லாம் அப்புறம் பாத்துக்கலாம். உன் தகப்பனார் யாரு? நீ சொல்லு, நான் எழுதிக்கறேன்" என்றார்.

இனி எழுதப் போவதைப் பொறுமையாகப் படி. மோகனா உடனே சொல்லவில்லை. படிக்கட்டு முழுக்க அந்தப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள், வக்கீல் வீட்டுப் பிள்ளைகள், நர்ஸ் மிஸ்ஸி வீட்டுப் பிள்ளைகள், நாலு வருஷமாக இவள் ஆஸ்பத்திரி கிளார்க்கு மகள் என்று நினைத்துக்கொண்டிருந்த பிள்ளைகள். இந்தப் பக்கம் திருநீறும் உறுமியுமாக இவர். அவள் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். எவ்வளவு நேரம் என்று நான் பார்க்கவில்லை. என் கோபம் ஹரிதாஸ் பேசியதற்கு அல்ல, அவருக்கு நான் அங்கேயே பதில் கொடுத்துவிட்டேன். உன் மாமனுக்கும் கொடுத்துவிட்டேன். அந்தக் கொஞ்ச நேரம் இருக்கிறதே, அதற்குத்தான் உன்மேல் கோபம். பெற்ற தகப்பன் எதிரில் நிற்கும்போது ஆமாம் இவர்தான் என்று சொல்ல ஒரு பிள்ளை யோசிக்க வேண்டிவந்ததே, அந்த யோசனையை அவளுக்குச் சொல்லிக் கொடுத்தது நீ. உன் அப்பா என்ன செய்தார் தெரியுமா, சிரித்துக்கொண்டு, "புள்ள பிடில் ஞாபகத்துல இருக்கும்மா, பேச்சு வரல" என்று அந்த அம்மாளிடம் சொன்னார். அவளுக்காக அவரே சமாளித்தார். அதைக் கேட்டதும்தான் மோகனா தலையைத் தூக்கினாள். "இவங்கதான் எங்கப்பா. பேரு இருளாண்டி. உறுமி அடிப்பாங்க" என்றாள். தொழில் என்ன என்று யாரும் கேட்கவில்லை, அவளாகத்தான் சொன்னாள். அந்த அம்மாள் பட்டியலில் பழைய பெயரை அடித்துப் புதுப் பெயரை எழுதிவிட்டு, சரி உள்ளே வா, எனக்கு நேரமாகிறது என்றார்.

உள்ளே போய் வாசித்தாள். கதவைச் சாத்திவிட்டார்கள், நாங்கள் வெளியே படியில் உட்கார்ந்து கேட்டோம். முதல் இழுப்பிலேயே வில் கீச்சென்றது, அப்புறம் சரியாகிவிட்டது. மேளக்காரர்கள் ஐந்து பேரும் தாளம் தப்பாமல் தலையை ஆட்டினார்கள். அப்பா மட்டும் தாளம் போட்டுவிடாமல் இருக்க இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்துகொண்டார். முடிந்ததும் என் காதில், நடுவில் தாளத்தை முந்திக் கொஞ்சம் ஓடிவிட்டாள், அப்புறம் பிடித்துக்கொண்டாள் என்றார். பிரிஜிட் டீச்சர் வெளியே வந்து அப்படி ஒன்றும் சொல்லவில்லை, எல்லாம் நன்றாக இருந்தது என்றுதான் சொன்னார். யார் சொன்னது சரி என்று மார்க்கு வந்தால் தெரியும்.

வீட்டுக்கு வந்து மோகனாவைக் கேட்டேன். அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னாள். அப்பாவைப் பற்றிக் கேட்டால் வெளியூர் வேலை என்று சொல்லு, உறுமியைப் பற்றி வாயைத் திறக்காதே, அந்தப் பிள்ளைகள் மதிக்க மாட்டார்கள் என்று அக்கா சொன்னாங்க என்றாள். அப்போது அவளுக்குப் பன்னிரண்டு வயது. சொன்னதை அப்படியே செய்திருக்கிறாள். சரி, அவள் சின்னப் பிள்ளை, மாமன் ஒரு கோழை, நீ ஒரு பெரிய படிப்பாளி, மூன்று பேரும் சேர்ந்து எங்கள் இரண்டு பேரையும் ஏமாற்றிவிட்டீர்கள் என்று நான் கத்திக்கொண்டிருக்கும்போது, சைக்கிள் சங்கிலிக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்த உன் அப்பா தலையைத் திருப்பாமலே, எனக்குத் தெரியும் என்றார். இரண்டு வருஷத்துக்கு முந்திய ஆண்டுவிழாவில் மோகனா பரிசு வாங்கினாளே, நான் பின்பக்கத்தில் உட்கார்ந்து பிரசாதத்துக்குப் பழம் நறுக்கிக்கொண்டிருந்தேனே, அப்போது ஒலிபெருக்கியில் தகப்பன் பெயரோடு சேர்த்துக் கூப்பிட்டிருக்கிறார்கள். இவர் மண்டபத்துக் கதவோரம் நின்று கேட்டிருக்கிறார். கேட்டுவிட்டுக் கைதட்டியிருக்கிறார். அன்றைக்குத்தான் மண்டபத்தில் காற்று இல்லை என்று சொல்லி வெளியே போய் லாரியில் உட்கார்ந்துகொண்டார், நான் அவருக்குச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுத்தேன். ஏன் சொல்லவில்லை என்று கேட்டதற்கு, "புள்ள மேடையில இருந்துச்சு. அப்ப அதைப் போய்ப் பேசுவாங்களா" என்றார். அப்புறம் இரண்டு வருஷம் ஏன் பேசவில்லை என்றதற்கு, எண்ணெய்க் கையைத் துடைத்துக்கொண்டு கோழிக்குத் தீனி போடப் போய்விட்டார். இரண்டு நாளாக அவருக்குப் பழைய சோறுதான். அதையும் ஒன்றும் சொல்லாமல் சாப்பிடுகிறார், அது இன்னும் எரிச்சலாக இருக்கிறது.

இந்திரா, உனக்கு ஏன் அப்படித் தோன்றியது என்று எனக்குத் தெரியாமல் இல்லை. டவுன் பள்ளிக்கூடத்தில் உன் முழுப்பெயரை வாத்தியார் படித்தபோது பிள்ளைகள் சிரித்ததும், நீ வீட்டுக்கு வந்து அடையாள அட்டையில் பேரை மாற்ற முடியுமா என்று கேட்டதும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. அப்போது நான் வழக்கம் போலக் கேலி பண்ணினேன். அது என் தப்புத்தான், உட்கார்த்தி வைத்துப் பேசியிருக்க வேண்டும். ஆனால் உனக்கு வந்த வெட்கத்தை எடுத்துத் தங்கச்சி தலையில் கட்டிவிட்டாயே, அவளுக்கு அதுவரை அது இல்லையே. இருளாண்டி என்றால் ஊரைக் காக்கிற சாமியின் பெயர். உன் அப்பா லாரியில் செம்பனைக் குலை ஏற்றி, ராத்திரி பகல் பார்க்காமல் ஓட்டி, உறுமி அடித்து வந்ததையும் சேர்த்துத்தான் நீ டீச்சரம்மா ஆனாய். போன மாதம் நீயே எழுதினாய், உன் வகுப்பு இபான் இனத்துப் பிள்ளைகளைப் பெயர் கேட்டால் எழுந்து நின்று இன்னார் அனாக் இன்னார் என்று அப்பன் பெயரையும் சேர்த்துத்தான் சொல்லும், கேட்க அவ்வளவு அழகாக இருக்கிறது என்று. அந்த அழகு காப்பிட்டில் மட்டும்தான் தெரியுமா? அதில் ஒரு பிள்ளை நாளைக்கு அப்பன் பெயரை மாற்றி எழுதினால் நீ என்ன செய்வாய், பிரம்பை எடுக்க மாட்டாயா? இதை எழுத வேண்டாம், பிள்ளை தூரத்தில் தனியாக இருக்கிறது, மனசு கஷ்டப்படும் என்று அப்பா சொல்கிறார். கஷ்டப்படட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

இப்போது நீ செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. மோகனா வாசித்ததற்கு மார்க்கு போட்டுவிட்டார்கள், ஆனால் பாரத்தை எழுதிக் கையெழுத்துப் போட்டவரே திருத்திக் கடிதம் கொடுத்தால்தான் செல்லுமாம். சர்ட்டிபிகேட்டு இந்த மாதம் இருபத்தைந்தாம் தேதி அச்சுக்குப் போகிறதாம், அதற்குள் கடிதம் வராவிட்டால் அவள் வாசித்தது வாசிக்காத கணக்கு, நவம்பர் கச்சேரியும் இல்லை. ஆகையால் இதைப் படித்த கையோடு உட்கார்ந்து எழுது. தகப்பன் பெயர் இருளாண்டி என்று முழுசாக எழுது. தொழில் லாரி டிரைவர், உறுமி வாசிப்பவர், இரண்டையும் எழுது, ஒன்றை விட்டுவிட்டு ஒன்றை எழுதாதே. நான்தான் தப்பாக எழுதினேன் என்று எழுது. தாய்மாமன் பாவம் என்று அவனையும் காப்பாற்றி எழுத வேண்டாம். பதிவுத் தபாலில் அனுப்பு, என்னை மாதிரி தபால்தலையைக் கையில் ஒட்டிக்கொண்டு நிற்காதே. அப்பாவுக்குத் தனியாக ஒன்று எழுதுகிறாயா இல்லையா என்று நான் சொல்ல மாட்டேன். அது உன் யோசனை. நவம்பர் லீவில் வரும்போது இசைப் பள்ளி மாடிக்கு அப்பாவை நீதான் கூட்டிக்கொண்டு ஏற வேண்டும், நான் மோகனாவோடு பின்னால் வருகிறேன்.

கோபம் வேறு, ஊறுகாய் வேறு. மாங்காய் ஊறுகாயும் நெத்திலிக் கருவாடும் பார்சலில் வருகிறது. கருவாட்டை அந்தப் பிள்ளைகளுக்கே கொடுத்துவிட்டு நீ கிழங்கைத் தின்றுகொண்டு இருக்காதே. எக்ஸ்பிரஸ் படகில் கூரைமேல் உட்கார்ந்து போனேன், காற்று நன்றாக இருந்தது என்று பெருமையாக எழுதியிருந்தாய், இன்னொரு தடவை அப்படிப் போனேன் என்று எழுதினால் நானே அங்கே வந்து இறங்குவேன். தண்ணீரைக் காய்ச்சிக் குடி. தலைக்கு எண்ணெய் வை. மாரியம்மாளும் உன் அப்பா பெயர்கொண்ட சாமியும் உனக்குத் துணையிருக்கட்டும், நல்ல புத்தியோடும் நிறைந்த ஆயுளோடும் இரு. இருபத்தைந்தாம் தேதியை மறக்காதே, பள்ளிக்கூடத்துச் சுவரில் எழுதி ஒட்டி வை.

இன்னொன்று எழுத மறந்துவிட்டேன். பெம்பான் கோயிலில் அன்றைக்குச் சாமி வந்து ஆடியது அப்புசாமி மாமா. உறுமி அடித்துத்தான் சாமியை அழைக்க வேண்டும், உறுமி அடித்துத்தான் மலையேற்றி அனுப்ப வேண்டும். பன்னிரண்டே காலுக்கு அவர் மேல் முனியாண்டி இறங்கிய கையோடு மளிகைக் கடைக்காரர் வியாபாரம் ஓய்ந்து அப்போதுதான் போன் செய்தியைக் கொண்டுவர, மேளம் முழுக்க லாரியில் ஏறிப் போய்விட்டது. மலையேற்ற ஆள் இல்லாததால் சாமியை ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்த்தி வைத்தார்கள். அப்பா திரும்பிப் போகும்போது மணி நாலு. அதுவரைக்கும் முனியாண்டி கையில் வேப்பிலையோடு அசையாமல் இருந்தார். மூன்று சுருட்டும் இரண்டு கிளாஸ் மைலோவும் கேட்டு வாங்கிக்கொண்டார். இரண்டாவது கிளாஸுக்குச் சீனி பற்றவில்லை என்று சொன்னார். நாலே காலுக்கு மலையேறினார்.

இப்படிக்கு உன் மேல் கோபமாக இருக்கும் அம்மா,
இருளாண்டி மனைவி சுப்பம்மா.